தட்டையான உலகில் உலோகம் உண்டா?

ஒரு பொருளைக் குளிரவைக்கும்போது மின்தடை குறைந்தால் அது உலோகம், கூடிக்கொண்டே போனால் கடத்தாப் பொருள். ஆறாம் படிவ இயற்பியல் இவ்வளவுதான் சொல்கிறது, அன்றாட வேலைக்கு இது போதும். ஆனால் எலக்ட்ரான்களை ஒரு மெல்லிய தளத்துக்குள் அடைத்து, பக்கவாட்டில் மட்டுமே ஓடவிட்டால் அங்கே உலோகம் என்று ஒன்று இருக்க முடியுமா? முப்பது வருடமாக இயற்பியலாளர்கள் இதில் ஒத்துப்போகவில்லை. நான் விடாமல் பின்தொடரும் அறிவியல் கேள்வி இது ஒன்றுதான். பினாங்கின் பாயான் லெப்பாஸில் தினமும் என் கைவழியே போகும் டிரான்சிஸ்டரின் உறவுக்காரன் ஒன்றுக்குள்தான் இந்த விவாதமே பிறந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பாயான் லெப்பாஸில் 1972-இல் சிப் தொழில் வந்தது. இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் திறந்தது. தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறி வந்து, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டினார்கள். என் சின்னம்மாவும் அப்படிப் போனவர்தான். நான் இப்போது பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கார்களுக்குப் போகும் சிப்புகளைச் சாதாரண வெப்பத்திலும், 125 டிகிரியிலும், உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியிலும் சோதிக்கிறோம். குளிர்ச் சோதனைதான் பெரிய தலைவலி. பினாங்கின் ஈரக்காற்று எந்த இடுக்கிலும் புகுந்துவிடும். சிப்பை எடுத்துச் சோதனைச் சாக்கெட்டில் வைக்கும் ஹேண்ட்லர் இயந்திரத்தின் கதவு ரப்பரில் சின்ன விரிசல் இருந்தாலே போதும், சாக்கெட் மேல் வெள்ளையாகப் பனி பூத்துவிடும். ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் கசிந்து, நல்ல சிப் எல்லாம் வரிசையாகத் தோற்றதாகத் திரையில் வரும். அதனால் உலர்ந்த காற்றை ஊதிக்கொண்டே இருப்போம்.

எங்களுக்குக் கடுங்குளிராகத் தெரியும் அந்த 40 டிகிரி, இதற்குமேல் குளிரவே முடியாது என்ற பூஜ்யத்திலிருந்து எண்ணும் கெல்வின் கணக்கில் 233. நான் சொல்லவரும் கதை இரண்டு கெல்வினுக்கும் கீழே நடக்கிறது.

முதலில் டிரான்சிஸ்டர். அதில் மாஸ்ஃபெட் என்ற வகை இப்படி: சிலிக்கான், அதன்மேல் மெல்லிய ஆக்சைடு, அதன்மேல் கேட் என்ற உலோகத் தகடு. கேட்டில் நேர்மின் அழுத்தம் கொடுத்தால் சிலிக்கானில் உள்ள எலக்ட்ரான்கள் ஆக்சைடின் அடிப்பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த அடுக்கு சில நானோமீட்டர் தடிமன்தான். நல்ல குளிரில் எலக்ட்ரான்களுக்கு மேலும் கீழும் அசைய வழியே கிடையாது, இரு பரிமாணம் மட்டும்தான். ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய வரம். வோல்ட்டைக் கூட்டினால் எலக்ட்ரான் அடர்த்தி கூடும், குறைத்தால் குறையும். வேறு வேறு பொருள்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரே மாதிரியில், ஒரே குமிழைத் திருப்பியே முழு ஆய்வையும் செய்துவிடலாம். 1980-இல் வான் கிளிட்சிங், காந்தப்புலத்தில் மின்தடை படிப்படியாகத் தாவும் குவாண்டம் ஹால் விளைவைக் கண்டதும் இப்படிப்பட்ட ஒரு சிலிக்கான் மாஸ்ஃபெட்டில்தான்.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 1979-இல், ஆபிரகாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ, ராமகிருஷ்ணன் என்ற நால்வர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். நாலாமவர் சென்னையில் பிறந்த டி.வி. ராமகிருஷ்ணன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் இந்தப் பெயரை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். அந்தக் கட்டுரையின் தீர்ப்பு இதுதான்: இரு பரிமாணத்தில் உலோகமே கிடையாது. மாசு எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி, மாதிரி போதிய அளவு பெரியதாகவும் வெப்பநிலை போதிய அளவு தாழ்ந்ததாகவும் இருந்தால் எல்லா எலக்ட்ரானும் கடைசியில் ஓரிடத்தில் சிறைப்பட்டே தீரும்.

இது ஏன் என்று புரிந்துகொள்ள 1921-இல் போல்யா என்ற கணிதவியலாளர் நிறுவிய ஒன்று உதவும். ஜார்ஜ் டவுன் சந்துகளில் ஒருவர் ஒவ்வொரு முனையிலும் மனம்போன பக்கம் திரும்பித் திரும்பி நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்துகளுக்கு முடிவே இல்லாவிட்டாலும், அவர் கிளம்பிய முனைக்கு என்றாவது ஒருநாள் வந்தே தீருவார். மாடிப்படிபோல மேலும் கீழும் போகவும் வழி இருந்தால், அதாவது முப்பரிமாணச் சட்டகமாக இருந்தால், திரும்பிவரும் வாய்ப்பு சுமார் 34 விழுக்காடுதான். மாசுகளில் மோதி மோதிப் போகும் எலக்ட்ரானின் நடையும் இதே கணக்குதான். ஆனால் எலக்ட்ரான் ஓர் அலை. ஒரு வளையத்தை இடமாகச் சுற்றிவரும் அலையும் வலமாகச் சுற்றிவரும் அலையும் கிளம்பிய இடத்தில் ஒத்திசைந்து சேர்ந்துகொள்கின்றன. அதனால் திரும்பிவரும் வாய்ப்பு சாதாரணக் கணக்கைவிட இரட்டிப்பாகிறது. இரண்டு பரிமாணத்தில் திரும்புவதே விதி, அலையோ அந்த விதியை இன்னும் இறுக்குகிறது. எலக்ட்ரான் எங்கும் போய்ச் சேராது.

அடுத்தடுத்த வருடங்களில் மெல்லிய உலோகப் படலங்களிலும் மாஸ்ஃபெட்டுகளிலும் அளந்து பார்த்தார்கள். குளிரக் குளிர மின்தடை மடக்கை வேகத்தில் மெதுவாக ஏறியது, கோட்பாடு சொன்னபடியே. விஷயம் முடிந்தது என்று பெரும்பாலோர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

1994-இல் கிராவ்சென்கோவும் புடாலோவும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மாதிரிகள் ரஷ்யாவில் செய்யப்பட்ட, மிகச் சுத்தமான சிலிக்கான் மாஸ்ஃபெட்டுகள். எலக்ட்ரான் அடர்த்தியைச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10,000 கோடி வரை இறக்கியிருந்தார்கள். எண் பெரிதாகத் தெரியலாம், உண்மையில் அது மிக மிகக் குறைவு. மேற்பரப்பில் ஏறத்தாழ 7,000 சிலிக்கான் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 30 நானோமீட்டர் இடைவெளி. அந்த அடர்த்திக்குச் சற்றுக் கீழே மின்தடை குளிரில் ஏறியது, எதிர்பார்த்ததுதான். சற்று மேலே போனதும், வெப்பநிலை இரண்டு கெல்வினுக்குக் கீழே இறங்க இறங்க மின்தடையும் சரிந்தது. ஐந்து விழுக்காடு, பத்து விழுக்காடு என்ற அளவில் இல்லை. நல்ல மாதிரிகளில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சும்வரை விழுந்தது.

பலர் நம்பவில்லை. அவர்களைக் குறைசொல்ல முடியாது. பதினைந்து வருடம் உறுதியாக நின்ற ஒரு முடிவுக்கு எதிராக ஒரே வகை மாதிரியிலிருந்து வந்த செய்தி அது. அப்புறம் வேறு ஆய்வகங்களும் வேறு சிலிக்கான் மாதிரிகளில் இதையே கண்டன. 1998 வாக்கில் காலியம் ஆர்சனைடு என்ற வேறொரு குறைக்கடத்தியிலும் வந்துவிட்டது. அளவீடு சரி என்பதில் இன்று சண்டை இல்லை. அதற்கு என்ன பொருள் என்பதில்தான் சண்டை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1979-இன் நால்வர் சொன்னது தப்பே இல்லை. அவர்கள் கணக்கில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாதவை. இந்த மாதிரிகளில் இருப்பவை அப்படிப்பட்டவை அல்ல. நெருக்கமாக இருந்தால்தானே ஒன்றையொன்று அதிகம் தள்ளும் என்று தோன்றும். கணக்கு நேர்மாறாகப் போகிறது. அடர்த்தியை நாலில் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள். இடைவெளி இரட்டிப்பாகும், ஆகவே விலக்க ஆற்றல் பாதியாகும். ஆனால் குவாண்டம் விதியால் எலக்ட்ரானுக்கு இருக்கும் இயக்க ஆற்றல் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இரண்டும் குறைகின்றன, இயக்கம் வேகமாகக் குறைகிறது. கூட்டம் கலையக் கலைய விலக்கத்தின் கை ஓங்குகிறது. சாதாரணச் செம்பில் விலக்கத்துக்கும் இயக்கத்துக்கும் உள்ள விகிதம் இரண்டு மூன்று என்ற அளவில் இருக்கும். இந்த மாஸ்ஃபெட்டுகளில் அது எட்டு, பத்து என்று ஏறிவிடுகிறது. எலக்ட்ரான்களின் இயல்பான ஆற்றல் அளவு, வெப்பநிலையாகச் சொன்னால், சுமார் 7 கெல்வின்தான். எங்கள் பரிசோதனைக் கூடத்தின் கடுங்குளிரில்கூட இந்த நுட்பமெல்லாம் வெப்ப இரைச்சலில் அடிபட்டுப் போய்விடும் என்பது இதிலிருந்தே தெரியும்.

விலக்கம் இன்னும் ஓங்கினால்? எலக்ட்ரான்கள் ஓட்டத்தை விட்டுவிட்டு படிகம்போல் வரிசையாக உறைந்துவிடும் என்று விக்னர் 1934-இலேயே சொல்லிவிட்டார். மாசே இல்லாத இரு பரிமாணத்தில் அந்த விகிதம் சுமார் 37 ஆகும்போது இது நடக்கும் என்று 1989-இல் கணினியில் கணக்கிட்டார்கள். 2024-இல் பிரின்ஸ்டனில் இரட்டை அடுக்கு கிராஃபீன் என்ற கார்பன் தாளில், வலுவான காந்தப்புலத்தில், அந்தப் படிகத்தை நேரடியாகவே படம்பிடித்துவிட்டார்கள். அந்தப் படத்தை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம் தேர்வு எழுதும் பிள்ளைகள் சிலர் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பசியாறிவிட்டு வாருங்கள் என்று சொன்னாலும் யாராவது ரொட்டிச் சானாய் பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். பாடத்திட்டம் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் இதைப்பற்றிப் பேசுவோம். ஒருநாள் வெள்ளைப் பலகையில் அந்தப் புகழ்பெற்ற விசிறியை வரைந்தேன். கிடைமட்டத்தில் வெப்பநிலை, செங்குத்தில் மின்தடை, ஒவ்வோர் அடர்த்திக்கும் ஒரு கோடு. வலது பக்கம் எல்லாக் கோடும் நெருங்கி நிற்கும். இடப்பக்கம், அதாவது குளிரை நோக்கிப் போகப் போக, பாதி மேலே விரிந்து போகும், பாதி கீழே சரியும். நடுவில் ஒரே ஒரு கோடு மட்டும் ஏறாமலும் இறங்காமலும் கிடையாகப் போகும்.

எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்: "அக்கா, நடுக்கோடு மட்டும் ஏன் அசையாம இருக்கு?"

சரியான இடத்தில் கைவைத்தாள். அந்தக் கோட்டின் மதிப்புதான் முதல் ஆச்சரியம். பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 25,813 ஓம் வரும். அந்தக் கோடு இதன் இரண்டு மூன்று மடங்கில் நிற்கிறது. சிலிக்கானின் குணம், கம்பியின் நீளம் எதுவும் சேராமல், இயற்கையின் அடிப்படை எண்கள் மட்டுமே சேர்ந்து தரும் அளவு அது. இரண்டாவது ஆச்சரியம், ஒவ்வொரு கோட்டின் வெப்பநிலையையும் அதன் அடர்த்திக்குத் தக்கபடி ஓர் எண்ணால் வகுத்தால், விசிறி முழுவதும் இரண்டே கோடுகளாக மடங்கிவிடுகிறது, மேலே ஒன்று, கீழே ஒன்று. உலோகத்துக்கும் கடத்தாப் பொருளுக்கும் நடுவே உண்மையான நிலைமாற்றம் ஒன்று பக்கத்தில் இருந்தால் இப்படித்தான் நடக்கவேண்டும்.

"அப்போ முடிஞ்சிடுச்சே அக்கா, இருக்குன்னுதானே அர்த்தம்?"

"இருக்குன்னு நான் நெனைக்கிறேன். ஆனா நாம பார்க்கிறது பூஜ்யத்துக்கு மேல இருக்கிற வெப்பநிலை மட்டும்தான். கேள்வி பூஜ்யத்தைப் பத்தினது."

நான் 'இருக்கு' பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் ஸ்பின், அதாவது ஒவ்வோர் எலக்ட்ரானையும் குட்டிக் காந்தம்போல் ஆக்கும் அதன் உள்குணம். 1997-இல் நியூயார்க் சிட்டி காலேஜில் மிரியம் சரச்சிக்கின் குழுவும் கிராவ்சென்கோவும் சேர்ந்து, தளத்துக்கு இணையாகக் காந்தப்புலம் கொடுத்துப் பார்த்தார்கள். இணையான புலத்தால் இவ்வளவு மெல்லிய தளத்துக்குள் ஓடும் எலக்ட்ரானின் பாதையை வளைக்க முடியாது. அதற்குத் தெரிந்த ஒரே வேலை ஸ்பின்களை ஒரே திசைக்குத் திருப்புவது. திருப்பியதும் அந்த உலோகத் தன்மை அப்படியே மறைந்துவிட்டது. மின்தடை பலமடங்கு ஏறி, ஸ்பின்கள் எல்லாம் வரிசையான புலத்தில் ஏறுவதை நிறுத்தியது. மாசுகளின் அமைப்பு மாறவில்லை, அடர்த்தி மாறவில்லை, பாதை மாறவில்லை. ஸ்பின்னை மட்டும் தொட்டதும் உலோகம் போய்விடுகிறது என்றால், அந்த உலோகத்தை உண்டாக்கியதில் ஸ்பின்னுக்குப் பங்கு இருந்தே ஆகவேண்டும்.

சரச்சிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1933-இல் ஆண்ட்வெர்ப்பில் பிறந்து, நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி, கியூபா வழியாக அமெரிக்கா போனவர். பெண்களுக்கு இயற்பியல் துறையில் இடம் கொடுக்கத் தயங்கிய காலத்தில் நுழைந்தார். பெரிய குடும்பத் துயரம் ஒன்றால் பல வருடம் ஆய்வை விட்டு விலகியிருந்து, பிறகு திரும்பி வந்து இந்த வேலையைச் செய்தார். 2003-இல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் தலைவராக இருந்தார், 2021-இல் மறைந்தார். சனிக்கிழமைப் பிள்ளைகளில் பெண்கள்தான் அதிகம், அவர்களுக்காக இதை நான் விடாமல் சொல்கிறேன்.

கோட்பாட்டிலும் வழி திறந்திருந்தது. 1983-லேயே ஃபிங்கெல்ஷ்டெயின் என்ற கோட்பாட்டாளர், மாசோடு விலக்கத்தையும் சேர்த்தால் ஸ்பின் வழியான பகுதி குளிரில் வளர்ந்து, சிறைப்படுத்தும் போக்கை எதிர்க்கும் என்று காட்டியிருந்தார். 2005-இல் அவரும் புன்னூஸும் சேர்ந்து இரு பரிமாணத்தில் உண்மையான நிலைமாற்றப் புள்ளி ஒன்று இருக்க முடியும் என்று கணக்கிட்டார்கள்.

எதிர்த்தரப்பும் வலுவானது, அதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை. தாஸ் சர்மா, ஹ்வாங் என்ற இரு கோட்பாட்டாளர்கள் சொல்வது: மாசின் மின்புலத்தை எலக்ட்ரான்கள் சூழ்ந்து மறைக்கின்றன, குளிரில் மறைப்பு கூர்மையாகிறது, ஆகவே மின்தடை குறைகிறது. அடர்த்தி மிகவும் இறங்கினால் எலக்ட்ரான்கள் பள்ளங்களில் குட்டை குட்டையாகத் தேங்கி, குட்டைகளுக்கு நடுவே தொடர்பு அறுந்து, கடத்தாப் பொருள் ஆகிவிடுகிறது. இதில் புது நிலைமாற்றம் எதுவும் தேவையில்லை, பூஜ்யத்தை நெருங்கினால் 1979-இன் தீர்ப்பே கடைசியில் ஜெயிக்கும். காலியம் ஆர்சனைடில் உலோகப் பக்கத்திலேயே அந்தப் பழைய அலைக் குறுக்கீட்டின் தடயத்தை அளந்தவர்களும் இருக்கிறார்கள். சுத்தம் குறைந்த மாதிரிகளுக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பிற்காலத்தில் சிலிக்கான்-ஜெர்மானியம் அடுக்குகளில், மாசு இன்னும் குறைந்த மாதிரிகளில், மின்தடை வீழ்ச்சி அப்படியே வலுவாக இருக்கிறது. மாசு மட்டுமே காரணம் என்றால் அது மங்கியிருக்க வேண்டாமா?

கடைசியில் எல்லாம் ஓர் அளவீட்டுச் சிக்கலில் வந்து நிற்கிறது. பரிசோதனைப் பிரிவில் இருப்பவளாக இந்த இடம் எனக்கு நன்றாகவே புரிகிறது. மாதிரியைத் தாங்கும் செம்புத் தட்டு 20 மில்லிகெல்வினில் இருக்கலாம், உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் அந்த வெப்பநிலைக்கு வரும் என்று சொல்ல முடியாது. அவ்வளவு குளிரில் எலக்ட்ரானுக்கும் படிக அதிர்வுகளுக்கும் தொடர்பு மிகவும் பலவீனமாகிவிடுகிறது, வெப்பம் வெளியேற வழியில்லை. அறையிலிருந்து அளவுக் கம்பி வழியே இறங்கும் ரேடியோ அலையின் துளி ஆற்றலே அவற்றைச் சூடாக்கப் போதும். அதனால் ஒவ்வொரு கம்பியிலும் வடிகட்டி போட்டு, நானோ ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தை நொடிக்குச் சில முறை மட்டும் ஆடவிட்டு அளக்கிறார்கள். கோடு ஒரு கட்டத்தில் சமமாகிவிட்டால், அது இயற்பியலா, எலக்ட்ரான் குளிர்வதை நிறுத்தியதா என்று முதலில் கேட்க வேண்டும். எங்கள் ஹேண்ட்லரில் தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரி உறைநிலைக்கு 40 டிகிரி கீழே என்று காட்டும்போது சிப் உண்மையில் எவ்வளவில் இருக்கிறது என்று நாங்கள் தினமும் கேட்பதும் இதே கேள்விதான்.

ஆகவே நான் தேடிப் படிப்பது புதுக் கோட்பாடுகளைவிட, எலக்ட்ரானின் சொந்த வெப்பநிலையைத் தனியாக அளந்து காட்டும் கட்டுரைகளைத்தான். மிகச் சுத்தமான மாதிரி ஒன்றில், ஸ்பின்னைத் தொடாமல் விட்டுவிட்டு, எலக்ட்ரான்களே சில மில்லிகெல்வின்வரை இறங்கியது என்று நிரூபித்து, அங்கேயும் மின்தடை சரிந்துகொண்டே போனால் தாஸ் சர்மா தரப்புக்குப் பதில் சொல்வது கடினமாகிவிடும். திரும்பி ஏறத் தொடங்கினால் நான் சாய்ந்திருக்கும் பக்கம் தோற்கும். எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, அந்த அளவீட்டைச் செய்ய எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும் என்று கேட்டாள். குளிர்ச் சாதனம் வைத்திருக்கும் ஆய்வகங்களின் பட்டியல் ஒன்றை இருவரும் சேர்ந்து தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.